மூன்று நாள் தவணை

(புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர மஹல்லா ஒன்றில் ஜும்ஆவுக்கு முன் நிகழ்த்தப்பட்ட உரை. வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டுள்ளது.)

 

 

சென்ற ஷவ்வால் மாதத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து மோதினார் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக் கொண்டிருந்தார். நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் ஹவ்ளுக்கு அருகில் எனக்காகக் காத்து நின்றார். "ஹஜ்ரத், ஜமாஅத் லெட்டர் பேடில் ஒரு கடிதம் வேண்டும்" என்றார். என்ன கடிதம் என்று கேட்டேன். தம் பெயரையும் தந்தையார் பெயரையும் சற்றே மாற்றி, அவையே உண்மையான பெயர்கள் என்று சான்று எழுதித் தர வேண்டும் என்றார்.

அவருடைய கதை உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாத டூரிஸ்ட் விசாவில் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் சென்றார். போய் இறங்கியதும் பெர்மிட் போட்டுத் தருவதாகச் சொன்ன ஏஜெண்ட், போய் இறங்கிய பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. ஊரில் நகை அடகில் இருந்தது. வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் சேர்ந்தார். ஒரு மாத அனுமதி, ஏறக்குறைய ஐந்து ஆண்டுத் தங்கலாக மாறியது. 2019 ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை மலேசிய அரசு ஒரு பொது மன்னிப்புத் திட்டத்தை அறிவித்தது. 700 ரிங்கிட் தண்டத் தொகை செலுத்தி, சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து, கைவிலங்கு இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தார். அல்ஹம்துலில்லாஹ். இப்பொழுது மறுபடியும் போக வேண்டும். பழைய பெயர் அங்கே அடைபட்டுக் கிடக்கிறது, புதுப் பெயரில் புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்.

"ஊர்ல நடக்காததா ஹஜ்ரத்?" என்றார் அவர். நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், ஊரில் நடந்தது எனக்குத் தெரியும். அப்படியொரு கடிதத்தை நானே ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

2010-ஆம் ஆண்டு. அப்போது நான் வேறொரு மஹல்லாவில் இமாமாக இருந்தேன். மத்ரஸாவை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மலேசியாவில் பிடிபட்டு, முகாமில் இருந்து, திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் வந்தார். அவருடைய தாயார் வாசலில் நின்று அழுதார்கள். ஒரு குடும்பம் பிழைக்க ஒரு தாள்தானே என்று எண்ணிக் கையெழுத்திட்டேன், ஜமாஅத் முத்திரையும் வைத்தேன். அவர் 2011-ஆம் ஆண்டின் பிற்பாதியில் புறப்பட்டுப் போனார். அந்த ஆண்டு ஜூன் மாதம் முதல்தான் மலேசியாவுக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரிடமும் விமான நிலையத்திலேயே கைரேகை பதிவு செய்யும் முறை தொடங்கியிருந்தது. இரண்டு ஆட்காட்டி விரல்களையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். கையிலிருந்த பாஸ்போர்ட் ஒரு பெயரைச் சொன்னது, விரல் வேறொரு பெயரைச் சொன்னது. பல மாதங்கள் கழித்து அவர் ஊர் திரும்பியபோது நான் பார்க்கப் போனேன். கோபித்துக் கொள்ளவில்லை, தேநீர் கொடுத்தார். போகும்போது மட்டும், "உங்க கையெழுத்தும் அங்க ஃபைல்ல இருக்கு ஹஜ்ரத்" என்றார்.

அந்தக் கையெழுத்துக்காக நான் இன்றும் தவ்பாச் செய்து கொண்டிருக்கிறேன். எனவே இந்த உரையை உங்களைக் கண்டிக்கும் தகுதியோடு நான் தொடங்கவில்லை.

விசா என்பது என்ன?

விசா என்றால் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தாள், அல்லாஹ்வின் பூமியில் எங்கும் சென்று பிழைக்க நமக்கு உரிமையுண்டு என்று வாதிடுகிற சகோதரர்கள் இருக்கிறார்கள். பூமியில் பரந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு குர்ஆன் ஏவுவது உண்மை. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதும் உண்மை. ஆனால் கதவு திறந்திருந்த காலத்தில் அவர்கள் திறந்த கதவு வழியாகப் போனார்கள். 1953-இல் மலாயா தன் குடிவரவுச் சட்டத்தை இறுக்கிய பின், புதிதாகப் போவோருக்குக் கதவு குறுகியது. 1969-ஆம் ஆண்டுக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

நம் நாடும் இதே போன்று கதவு வைத்திருக்கிற நாடுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்படி, தவணை மீறித் தங்கும் வெளிநாட்டவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, மூன்று இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். போலிப் பாஸ்போர்ட்டில் நுழைந்தால் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் சிறை.

நம் ஃபிக்ஹு நூல்களில் 'அமான்' என்றொரு பாடம் உண்டு. ஒருவர் மற்றொரு நாட்டாரின் பகுதிக்குள் நுழைய அவர்கள் அளிக்கும் அபயமே அமான். அமான் பெற்று நுழைந்த முஸ்லிமிடமிருந்து அந்த மக்களும் அபயம் பெற்றவர்களாகி விடுகிறார்கள் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் 'அல்உம்மு' நூலில் விளக்குகிறார்கள். ஹன்பலி மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் 'அல்முக்னீ'யில் இன்னும் நுட்பமாகச் சொல்கிறார்கள். மோசடி செய்யக் கூடாது என்ற நிபந்தனை வாயால் சொல்லப்படாவிட்டாலும், அது அந்த அனுமதியின் பொருளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பது அவர்களின் கருத்து. நம் பாஸ்போர்ட்டில் குத்தப்படும் முத்திரையில் அறிவுரை எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. தேதி மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தேதிக்கு ஒப்புக்கொண்டுதான் நாம் கோட்டைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்கிறோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஸூரத்துல் மாயிதா தன் முதல் வசனத்திலேயே கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை, எதிரே இருப்பவர் முஸ்லிமா அல்லவா என்று பார்க்கவில்லை.

ஸுஹைல் நின்ற மூன்று வாசல்கள்

சகோதரர்களே! மறுக்கப்பட்ட ஊருக்குள் மீண்டும் எப்படி நுழைவது என்பதை நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே நாம் கற்றுக்கொள்ள முடியும். இந்த நோக்கில் ஸீராவைப் படித்துப் பாருங்கள், வியப்பாக இருக்கும்.

தாயிஃப் நகரில் கல்லடிபட்டுத் திரும்பிய நபியவர்கள் நேராக மக்காவுக்குள் நுழைந்துவிடவில்லை. அது அவர்கள் பிறந்த ஊர், மனைவி மக்களோடு வாழ்ந்த ஊர். ஆயினும் அபூதாலிப் மறைந்த பிறகு அவர்களுக்கு அங்கே பாதுகாவலர் இல்லை. ஊருக்கு வெளியே நின்றுகொண்டு, பாதுகாப்பளிக்க முடியுமா என்று அக்னஸ் பின் ஷரீக் என்பவரிடம் ஆளனுப்பிக் கேட்டார்கள். தாம் ஒப்பந்த உறவினர் மட்டுமே, பாதுகாப்பளிக்கும் தகுதி தமக்கு இல்லை என்று அவர் மறுத்தார். ஸுஹைல் பின் அம்ரிடம் கேட்டார்கள். கோத்திர வழக்கத்தைக் காரணம் காட்டி அவரும் மறுத்தார். இரண்டு விண்ணப்பங்கள், இரண்டு மறுப்புகள். அப்போதும் அவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு இரவில் நுழையவில்லை. மூன்றாவதாக முத்இம் பின் அதீயிடம் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார். தம் மக்களை ஆயுதம் தரிக்கச் செய்து, கஅபாவின் அருகில் நிறுத்தி, முஹம்மதுக்கு நான் பாதுகாப்பளித்துள்ளேன் என்று பகிரங்கமாக அறிவித்தார். நபியவர்கள் தவாஃப் செய்து, தொழுது, வீடு சென்றார்கள்.

முத்இம் கடைசி வரை இஸ்லாத்தை ஏற்கவில்லை. எனினும் அந்த உபகாரத்தை நபியவர்கள் மறக்கவில்லை. பத்ரில் கைதிகள் பிடிபட்டபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால், அவருக்காக இவர்களை விடுவித்திருப்பேன் என்ற பொருளில் அவர்கள் கூறியது புகாரீயில் பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரீ ஆறாம் ஆண்டு ஏறத்தாழ ஆயிரத்து நானூறு தோழர்களுடன் உம்ராவுக்குச் சென்றபோது ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். குறைஷியர் தரப்பில் ஒப்பந்தம் பேச வந்தவர் அதே ஸுஹைல் பின் அம்ர்தான். இவ்வாண்டு திரும்பிச் செல்ல வேண்டும், அடுத்த ஆண்டு வரலாம், மூன்று நாள் மட்டுமே தங்க வேண்டும், வாள் உறையில் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். உமர் (ரலி) அவர்களுக்கே நெஞ்சு கொதித்தது. ஆனாலும் கஅபாவைக் காணாமலே திரும்பினார்கள்.

மறு ஆண்டு துல்கஅதாவில் வந்தார்கள். மக்காவாசிகள் ஊரைக் காலி செய்துவிட்டு மலைகளில் ஏறிக்கொண்டார்கள். முஹாஜிர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பின் சொந்தத் தெருவில் நடக்கிறார்கள். பறிகொடுத்த வீடுகள் கண்ணெதிரே நிற்கின்றன. ஊரில் எதிரிகள் இல்லை. இன்னும் ஒரு வாரம் இருந்தால் யார் வந்து வெளியேற்றிவிட முடியும்?

நான்காம் நாள் ஸுஹைலும் ஹுவைத்திபும் வந்து நின்றார்கள், தவணை முடிந்தது என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அப்போதுதான் அன்னை மைமூனா (ரலி) அவர்களை மணம் பேசி முடித்திருந்தார்கள். இங்கேயே திருமண விருந்தை வைத்து உங்களுக்கும் உணவளிக்கிறேனே என்று கேட்டுப் பார்த்தார்கள். உங்கள் உணவு எங்களுக்கு வேண்டாம், வெளியேறுங்கள் என்றார்கள். ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் கொதித்தெழுந்து, இது உன் நிலமுமல்ல உன் அப்பன் நிலமுமல்ல என்கிற தொனியில் பேசிவிட்டார்கள். நபியவர்கள் புன்னகைத்து, நம் கூடாரம் தேடி வந்தவர்களைப் புண்படுத்த வேண்டாம் என்று ஸஅதை அமைதிப்படுத்தியதாக வாகிதீ எழுதுகிறார். பிறகு, இன்று மாலை எவரும் மக்காவில் இருக்கக் கூடாது என்று அபூராஃபிஉ (ரலி) அவர்களைக் கொண்டு அறிவிக்கச் செய்தார்கள். புதுமணப் பெண்ணை மக்காவுக்கு வெளியே ஸரிஃப் என்னுமிடத்திற்கு அழைத்து வரச் செய்து, அங்கேதான் இல்லறம் தொடங்கினார்கள். பின்னாளில் அன்னையார் மறைந்து அடக்கம் செய்யப்பட்டதும் அதே ஸரிஃபில்தான்.

கல்யாண விருந்து என்பதைவிட நியாயமான காரணம் ஒருவருக்கு இருக்க முடியுமா? நீட்டித்துத் தருமாறு கேட்டார்கள். கேட்பது தவறன்று என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. மறுத்ததும் புறப்பட்டார்கள். ஓராண்டு கழித்து அதே மக்காவுக்குள் வெற்றியோடு நுழைந்தபோது, அந்த ஸுஹைலுக்கும் அபயமளித்தார்கள். அவர் இஸ்லாத்தைத் தழுவி (ரலி) என்ற சிறப்புக்குரியவரானார்.

விரலும் விழியும்

இனி நம் காலத்துக்கு வருவோம். பெயரை மாற்றினால் தப்பிவிடலாம் என்ற எண்ணம் தாள்களை மட்டும் பார்த்த காலத்தில் பிறந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2000-களின் தொடக்கத்திலேயே, வெளியேற்றப்பட்டவர்களின் கருவிழிப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, புதுப் பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களின் விழியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துக்கொண்டு சிலர் வந்தனராம். அதையும் கண்டறிய வழி செய்துவிட்டார்கள். பிழைப்புக்காகக் கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு வரிசையில் நின்ற அந்த மனிதரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் கடற்கரையாருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் விசைப்படகில் சென்று எல்லை தாண்டியதாகப் பிடிபடும் சகோதரர்களை, முதல் தடவை என்றால் இலங்கை நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு விடுவிக்கின்றன. அந்தக் காலத்துக்குள் மறுபடி பிடிபட்டால் சிறைதான். படகில் பெயரை மாற்றிச் சொல்லிப் பார்ப்பதால் ஒன்றும் ஆவதில்லை என்பதை அக்குடும்பங்கள் அறிந்திருக்கின்றன. விமான நிலையக் கணக்கும் அதுவே.

மலேசியச் சட்டத்தில் தவணை மீறித் தங்குவதற்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அனுமதியின்றி நுழைந்தால் ஆறு வரை பிரம்படியும் சேரும். சிங்கப்பூரில் தொண்ணூறு நாட்களுக்கு மேல் கள்ளத்தனமாகத் தங்கியவருக்குக் குறைந்தது மூன்று பிரம்படி. அமெரிக்காவில் 180 நாட்களுக்கு மேல் மீறித் தங்கி வெளியேறியவர் மூன்றாண்டும், ஓராண்டுக்கு மேல் மீறியவர் பத்தாண்டும் திரும்ப நுழையத் தடை.

வழக்கு இங்கேயும் உண்டு. பெயரை அரசிதழில் முறைப்படி மாற்றிக் கொள்வது குற்றமன்று. பழைய பெயரையும் பழைய பாஸ்போர்ட்டையும் மறைத்து விண்ணப்பிப்பதே குற்றம். 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 12-ஆவது பிரிவின்படி அதற்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அதற்குச் சான்றெழுதிக் கொடுத்த ஜமாஅத்தின் நிலையையும் நிர்வாகிகள் யோசித்துக் கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உம்ரா விசாவில் சென்று ஒளிந்திருந்து ஹஜ்ஜையும் முடித்து வந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து சாமர்த்தியமாகப் பேசும் பெரியவர்கள் நம்மிடையே இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கின்றன. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின் கடும் வெயிலில் 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. கூடாரமும் வாகனமும் பெயர்ப் பட்டியலில் உள்ளவர்களுக்கே கிடைத்தன. அல்லாஹ் அவர்கள் அனைவரையும் மன்னிப்பானாக.

அந்தக் கூலி ஹலாலா?

கடிதம் கேட்ட சகோதரரின் மனைவி, என் வீட்டாரிடம் வேறொரு கேள்வியை அனுப்பியிருந்தார். "அவர் அங்கே ஒளிந்திருந்து சம்பாதித்த பணத்தில்தான் அடகு மீட்டோம், மகளுக்குத் தோடு செய்தோம். அது ஹராமா?" இந்த ஒரு கேள்விக்காகவே இந்த உரையை எழுத்தில் தர ஒப்புக்கொண்டேன். இதே கவலையோடு எத்தனையோ வீடுகளில் பெண்கள் இருக்கிறார்கள், கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

சகோதரியே! உங்கள் கணவர் செய்தது அடுப்படி வேலை. பாத்திரம் கழுவினார், மாவு பிசைந்தார். செய்த வேலை ஹலாலாக இருக்கும்போது அதற்கான கூலியும் ஹலாலே என்பது உலமாக்களில் பலர் அளிக்கும் தீர்ப்பு. தவணையை மீறித் தங்கியது தனியான குற்றம். அதற்கு அவர் வருந்த வேண்டும், மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும், செலுத்த வேண்டியதைச் செலுத்த வேண்டும். 700 ரிங்கிட் செலுத்தி வந்தவர் அந்தக் கணக்கின் ஒரு பகுதியை முடித்துவிட்டார். தோட்டை மகளின் காதிலிருந்து கழற்ற வேண்டியதில்லை.

பொய்ப் பெயரில் மறுபடி போனால் அவர் முடித்த கணக்கு புதிதாகத் திறக்கும். இம்முறை தவறுதலாகத் தங்கிவிட்டேன் என்று சொல்லவும் வழியிருக்காது. அங்கே ஒருவேளை அவருக்கு மரணம் வந்தால், மையித்து எந்தப் பெயரில் வரும் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் கற்பனைப் பெயர், குடும்ப அட்டையில் வேறு பெயர் என்றால், இழப்பீடு கேட்டு நிற்கும்போது நீங்கள் யாருடைய மனைவி என்று நிரூபிப்பீர்கள்?

டூரிஸ்டாகப் போவதால் இழப்பது இன்னும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் செல்லும்போது, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்பதைத் தொல்லை என்று நினைக்கிறோம். அந்த வழியில் போகிறவருக்குத்தான் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கிடைக்கிறது. இரண்டாண்டுக்கு 275 ரூபாய் கட்டணம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ பத்து இலட்சம் ரூபாய். ஏஜெண்டுக்கு இலட்சத்தில் கொடுக்கும் நாம் அந்த 275 ரூபாயைக் கட்டாமல் போகிறோம்.

திரும்பிச் செல்ல விரும்புவோருக்கு

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமலே மலேசியா சென்றுவர அந்நாடு அனுமதித்தது. பின்னர் அது 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. சுற்றிப் பார்க்கவும், சொந்தக்காரர்களைக் காணவும் நல்ல வாய்ப்பு. ஆனால் முன்பு மீறித் தங்கியவருக்கு, விசா வேண்டாம் என்பதற்குத் தடை நீங்கிவிட்டது என்று பொருளில்லை. முன்பெல்லாம் சென்னையிலேயே விசா மறுக்கப்பட்டு டிக்கெட் பணமாவது மிஞ்சும். இப்போது விமானமேறி, அங்கே போய் விரலை வைத்த பிறகு, அடுத்த விமானத்தில் திரும்பி வருகிறார்கள். திருச்சி விமான நிலையத்தின் புது முனையத்தில், போன பையைப் பிரிக்காமலே சுமந்து வரும் ஆட்களைப் பார்த்தவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். முன்பு தங்கியவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் உண்மையைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வேலைக்கு என்றால் முதலாளி அங்கே விண்ணப்பித்து, காலிங் விசா வந்த பிறகு போவதே முறை. இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம்.

எல்லா நாட்டுக் கணக்கும் ஒன்றல்ல. அமீரகத்தில் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அளிக்கப்பட்ட பொது மன்னிப்பில் வெளியேறியவர்களுக்கு அபராதமும் இல்லை, மறுபடி முறையான விசாவில் வரத் தடையும் இல்லை என்று அறிவித்தார்கள். அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் அந்த வெளியேற்ற அனுமதிச் சீட்டை நகைப் பத்திரம் போலப் பாதுகாக்க வேண்டும்.

இன்னும் உள்ளே இருக்கிற மகன்களுக்கும் கணவர்களுக்கும் இன்றிரவு தொலைபேசியில் இதைச் சொல்லுங்கள். 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை மலேசியாவில் 500 ரிங்கிட், சில குற்றங்களுக்கு 300 ரிங்கிட் செலுத்தி ஊர் திரும்பும் திட்டம் இருந்தது. அடுத்த திட்டம் 2025 மே 19-இல் தொடங்கி 2026 ஏப்ரல் 30 வரை என அறிவிக்கப்பட்டது. ஒன்று போனால் இன்னொன்று வரும் என்று காத்திருந்தே பல பேர் ஆண்டுகளைத் தொலைக்கிறார்கள். இரண்டு திட்டங்களுக்கு இடையே என்ன நடக்கும் என்பதை 2020 மே 1 அன்று கோலாலம்பூரில் பார்த்தோம். மஸ்ஜித் இந்தியா பகுதியில், கொரோனா காரணமாக முள்வேலி போட்டு அடைக்கப்பட்டிருந்த சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களில் சோதனை நடந்தது. ஆவணமில்லாத நூற்றுக்கணக்கானோரை அன்று ஒரே நாளில் பிடித்துச் சென்றார்கள். அது ரமளான் மாதம்.

பயணம் புறப்படுகிறவர்களுக்கு ஸூரா பனூ இஸ்ராயீலின் 80-ஆம் வசனத்தில் ஒரு துஆ இருக்கிறது. நுழையச் செய்வதை உண்மையோடு நுழையச் செய், வெளியேறச் செய்வதையும் உண்மையோடு வெளியேறச் செய் என்று ரப்பிடம் இறைஞ்சும் துஆ. நம் பிள்ளைகளை வழியனுப்பும்போது பலரும் ஓதுகிறோம். பொருளைச் சொல்லிக் கொடுத்து ஓதுங்கள்.

கடிதம் கேட்ட சகோதரருக்கு நான் கடிதம் தரவில்லை. ஏன் தரவில்லை என்று என் பழைய கதையைச் சொன்னேன். இரண்டு ஜும்ஆக்களுக்கு அவர் என் கண்ணில் படும்படி உட்காரவில்லை. மூன்றாம் வாரம், ஒரு பிளாஸ்டிக் உறையில் 2019-ஆம் ஆண்டு ரசீதையும், பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். பழைய முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, முஹர்ரம் மாதத்தில் முறையாக விண்ணப்பித்தார்கள். முன்பு குடிவரவுக் குற்றம் உண்டா என்ற இடத்தில் 'ஆம்' என்று அவர் எழுதியபோது நான் அருகில் இருந்தேன். கை நடுங்கியது. ஸஃபர் மாதத்தில் அது மறுக்கப்பட்டு வந்தது.

இப்போது அறந்தாங்கியில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறார். அங்கே வாங்கியதில் பாதிகூட இங்கே இல்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நம் பைத்துல்மாலிலிருந்து இந்தத் தவணைக்கு உதவியிருக்கிறோம். அடுத்த தவணைக்கும் உதவ வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பொய்க்கடிதம் தர மாட்டோம் என்று சொல்லும் ஜமாஅத்துக்கு இந்தக் கடமையும் சேர்ந்தே வருகிறது. அவர் வேறொரு நாட்டுக்கு, சொந்தப் பெயரிலேயே இன்னொரு விண்ணப்பம் போட்டிருக்கிறார். சென்ற வாரம் பார்த்தபோது, "அக்னஸும் ஸுஹைலும் முடிஞ்சுது ஹஜ்ரத், முத்இமைத்தான் இன்னும் காணோம்" என்றார். அவருக்காக எல்லோரும் துஆச் செய்யுங்கள்.

மலேசியாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ மன்னிப்புத் திட்டத்தில் வந்தவர்கள் வீட்டிலிருந்தால், ரசீது, அவுட் பாஸ், பழைய பாஸ்போர்ட் அனைத்தையும் வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். நகல் எடுத்து ஒழுங்காகக் கோத்துத் தருவதற்குக் கல்லூரி மாணவர்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை.